தோட்டத்துச் சொந்தங்கள் (எங்கள் குடும்ப சாட் குரூப்): ராத்திரி 11.55 வரைக்கும்தான் நேரம்

அப்பா: எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாப்பா மேல்படிப்புக்குக் காலேஜ் வரிசை கொடுக்க இன்று ராத்திரி 11.55 வரைக்கும்தான் நேரம். எம்.டி. குழந்தை மருத்துவம், அதில் மாற்றமில்லை. முதலில் கோவையைப் போடுவதா சென்னையைப் போடுவதா என்பதுதான் பேச்சு. ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.

திருப்பூர் மாமா: கோவை

பெரியப்பா: கோவைதான். இதில் என்ன யோசனை

கோபி அத்தை: அம்மிணி என்ன சொல்லுது?

நான்: சென்னை முதலில், கோவை இரண்டாவது அத்தை. எழும்பூர் ஆஸ்பத்திரி முழுக்கக் குழந்தைகளுக்கே உள்ளது. 800 படுக்கைக்கு மேல் இருக்கிறது. பச்சைக்குழந்தை வார்டு, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை, அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில். நாம் புத்தகத்தில் மட்டும் படித்த நோய் அங்கே வார்டில் படுத்திருக்கும். மூன்று வருடத்தில் கை பழக வேண்டுமென்றால் குழந்தைகள் வந்துகொண்டே இருக்கிற இடம்தான் வேண்டும்.

அப்பா: லிஸ்டில் எழும்பூர் என்று பேரே காணோமே?

நான்: மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் என்றுதான் இருக்கும்ப்பா. எழும்பூர் அதோடு சேர்ந்தது.

பெரியப்பா: சென்னையை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் கோவையும் கைவிட்டுப் போயிடுமே

நான்: போகாதுங்க பெரியப்பா. மேலே இருந்து வரிசையாகப் பார்ப்பார்கள். என் ரேங்குக்குச் சென்னை கிடைக்காவிட்டால் அடுத்து கோவையைப் பார்ப்பார்கள். கோவையை இரண்டாவது போட்டதால் அந்த இடத்தை எனக்குப் பின்னால் இருக்கிறவருக்குத் தர மாட்டார்கள். அதனால் மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே போடலாம்.

திருப்பூர் மாமா: அப்படிங்களா

அண்ணன்: பெங்களூர் வா. இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு. நம்ம வீட்டில் தங்கிக்கலாம்

நான்: நல்ல இடம்தான் அண்ணா. ஆனால் கைக்குழந்தை தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லாதே. பாதி வைத்தியம் அம்மாக்கள் சொல்வதைக் கேட்பதில்தான் இருக்கிறது. நம் ஊர் அம்மா "எளைப்பு", "மாந்தம்", "உரம் விழுந்திருச்சு" என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கன்னடத்தில் அது வராது.

திருப்பூர் மாமா: மச்சான், வாய்க்காலில் தண்ணி வந்திருச்சுங்களா

அப்பா: வந்திருச்சு. கடைமடைக்கு இன்னும் இல்லை

திருப்பூர் மாமா: மஞ்சள் என்ன விலை போகுது?

அம்மா: அண்ணா, அதை அப்புறம் பேசலாம். கண்ணு, ட்யூட்டி எத்தனை மணி நேரம்? அதைச் சொல்லு.

நான்: ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டதும்மா. நடப்பில் ஒரே மூச்சாக 24 மணி நேரம், சில நாள் 36 மணி நேரமும் ஆகும். இது கோவையிலும் இருக்கும். நடுவில் 3 மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் போடுவார்கள், அது எங்கே சேர்ந்தாலும் உண்டு.

அம்மா: சாப்பாடு?

நான்: பார்த்துக்கொள்கிறேன்ம்மா.

பெரியப்பா: பொம்பளப் பிள்ளை தனியாகச் சென்னையில். மூன்று வருடம் முடியும்போது வயசு என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீங்களா

கோபி அத்தை: அண்ணா, உங்க பையனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியபோது குடும்பத்தில் யாரும் ஓட்டுப் போடவில்லை. தம்பி எருமை ரெண்டை விற்றுக் கொடுத்தான்.

பெரியப்பா: அந்தக் கணக்கு இப்ப எதுக்கு

அப்பா: விடுங்கக்கா

அண்ணன்: அத்தை சொல்வது நிஜம்தான்ப்பா.

கோபி அத்தை: நான் ஒன்று சொல்கிறேன். 1991-ல் எனக்கு எட்டாம் மாசத்தில் பிறந்தது. ஒன்றே கால் கிலோ. பக்கத்து ஆஸ்பத்திரியில் இங்கே வசதி இல்லை, பெரிய ஊருக்குக் கொண்டு போங்க என்றார்கள். தம்பிதான் கார் பிடித்தான். சேலையில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். அவிநாசி தாண்டும்போது அழுகை நின்றது. அவ்வளவுதான்.

அம்மா: அண்ணி

நான்: அத்தை, இன்றைக்கு அந்த எடையில் பிறக்கிற குழந்தைகளில் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். அம்மா நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுப்பது, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பது, நுரையீரல் விரியாவிட்டால் அதற்கு மருந்து. இதையெல்லாம் நூறு தடவை என் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் கோபியில் உட்கார வேண்டும். அதற்குத்தான் எழும்பூர் கேட்கிறேன்.

திருப்பூர் மாமா: சென்னையே போடுங்க மச்சான்

அண்ணன்: எனக்கும் சரி

அப்பா: 9 மணிக்கு எல்லாரும் இங்கே வாங்க, நேரில் பேசுவோம். பாப்பா, அதுவரைக்கும் லாக் பண்ணாதே.

நான்: சென்னை, கோவை என்று சேவ் மட்டும் செய்திருக்கிறேன்ப்பா. நேரம் முடிந்தால் அதுவே தானாக லாக் ஆகிவிடும்.

கோபி அத்தை: அம்மிணி, ஏற்காடு எக்ஸ்பிரசில் எனக்குக் கீழ் பெர்த் கொடுப்பாங்களா?

அப்பா: அக்கா, இன்னும் முடிவாகவில்லை

கோபி அத்தை: தெரியும் தம்பி. கேட்டு வைத்தேன்.

பெரியப்பா: சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வர்றேன். தோசைக்கு மாவு இருக்குதா