நைட் டூட்டி முடிச்சு வந்தா பகல்ல தூங்க முடியல, கோயில் கமிட்டிகிட்டயும் ஜெப வீட்டுலயும் சண்டை இல்லாம எப்படி பேசறது?

ராத்திரிடூட்டி (பெங்களூரு, காக்ஸ் டவுன் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐசியூ நர்ஸ், ராத்திரி 8 மணிக்கு போனா காலைல 8 மணிக்கு தான் டூட்டி முடியும், பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்து சேர ஒன்பதே கால் ஆயிடும், குளிச்சு ரெண்டு இட்லி சாப்பிட்டு படுக்கணும். ஆடி பொறந்ததுல இருந்து படுக்க முடியல. எங்க சந்து முனைல இருக்கறது எங்க அம்மன் கோயில் தான், வேற யாரோடதும் இல்ல, எங்க பாட்டி காலத்துல இருந்து கூழ் ஊத்தறோம், சின்ன வயசுல நானே மஞ்ச பாவாடை கட்டி பால்குடம் எடுத்திருக்கேன். இந்த வருஷம் கரண்ட் கம்பத்துல ஒரு குழாய் ஸ்பீக்கர என் ஜன்னலுக்கு நேரா கட்டிட்டாங்க. காலை 6 மணிக்கு ஆரம்பிச்சா மதியம் 1 வரைக்கும், அப்புறம் 4ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் பாட்டு. பாக்ஸ் ஸ்பீக்கரும் வெச்ச நாள்ல ஜன்னல் திண்டுல இருக்கற எவர்சில்வர் டம்ளர் தானா நடுங்குது, உள்ள இருக்கற தண்ணில வட்டம் வட்டமா விழறத படுத்துக்கிட்டே பாத்துட்டு இருப்பேன்.

பின்னாடி வீட்டு மாடில ஒரு ஜெப வீடு, ஞாயிறும் வெள்ளியும் டிரம்ஸ், கீபோர்டு, மைக் எல்லாம் உண்டு, ஆனா ஷீட் போட்ட கூரைங்கறதால சத்தம் அப்படியே கீழ எறங்குது.

கோயில் கமிட்டில பேசினேன். கேட்ட உடனே ஒருத்தர் "மொதல்ல பின்னாடி வீட்டுக்காரன கேட்டியாம்மா? மசூதில போய் கேட்டியா? நம்ம ஆளுங்கன்னா மட்டும் எளக்காரம்"னாரு. சரின்னு ஜெப வீட்டுக்கும் போனேன், அந்த அக்கா நல்லவங்க தான், ஆனா முகம் மாறிடுச்சு, "கோயில்காரங்க அனுப்பினாங்களா"ன்னு கேட்டாங்க. நான் தூக்கம் கேட்டு போனேன், ரெண்டு பக்கமும் என்ன எதிரி ஆளா பாக்கறாங்க.

போன வாரம் ஒரு பேஷண்டுக்கு சிரிஞ்ச் பம்ப்ல (மருந்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற மெஷின்) 6.0ன்னு போடறதுக்கு பதிலா 60ன்னு அடிச்சிட்டேன். ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா கை நடுங்கிடுச்சு, இன்னும் அந்த பயம் போகல. யாராவது இந்த மாதிரி பேசி சரி பண்ணியிருந்தீங்கன்னா எப்படின்னு சொல்லுங்க. போலீஸ்க்கு போக எனக்கு இஷ்டம் இல்ல, நாளைக்கும் அதே தெருவுல தான் நடக்கணும்.

மைக்செட்காரன் (ஸ்ரீராமபுரம்)

தங்கச்சி, நான் 22 வருஷமா சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கேன், கோயிலுக்கும் கட்டுவேன், மாதா திருவிழாவுக்கும் கட்டுவேன், கல்யாணத்துக்கும் கட்டுவேன். கமிட்டிகிட்ட முதல்ல போகாதீங்க, செட் போட்ட பையன்கிட்ட போங்க. கமிட்டிக்கு எத்தன குழாய் கட்டியிருக்குங்கறது தான் கௌரவம், பக்கத்து தெரு பத்து கட்டினா நாம பன்னெண்டு கட்டணும். அந்த குழாய் எந்த பக்கம் பாக்குது, எவ்வளவு வால்யூம்னு அவங்கள்ல யாருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டாங்க.

குழாய் சத்தம் நேர்கோட்டுல போகும், வாய் பாக்கற பக்கம் தான் அடி விழும். அத தெரு நீளத்துக்கு திருப்பி வாய கொஞ்சம் கீழ சாய்ச்சுட்டா உங்க ரூம்ல பாதிக்கு மேல கொறையும். அஞ்சு நிமிஷ வேல, ஏணி ஒண்ணு போதும். ஒவ்வொரு குழாய்லயும் லைன் டிரான்ஸ்பார்மர் வெச்சு கட்டியிருந்தா உங்க ஜன்னல் முன்னாடி இருக்கறத மட்டும் வயர கழட்டி விட்டாலும் மத்ததெல்லாம் பாடிட்டு தான் இருக்கும், ஆம்ப்ளிபயருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா பாக்ஸ் வேற மாதிரி, அந்த திம் திம்முனு வர்ற பேஸ் செவுத்துக்குள்ள பூந்து வரும், ஜன்னல சாத்தினாலும் நிக்காது. அதுக்கு மிக்சர்ல பேஸ கொறைக்க சொல்லணும், இல்ல பாக்ஸ தரைல வைக்காம ஸ்டாண்ட்ல தூக்கி வைக்க சொல்லணும். பையனுக்கு டீ வாங்கி குடுத்து "அண்ணா நான் நர்ஸு"ன்னு சொல்லுங்க, கண்டிப்பா பண்ணுவான், எங்க தொழில்ல எல்லாருக்கும் ஆஸ்பத்திரி கதை ஒண்ணு இருக்கு.

சட்டம்பேசுவோம்

மைக்செட் அண்ணன் சொன்னது தான் முதல் வழி. இருந்தாலும் ரூல் தெரிஞ்சு வெச்சுக்கங்க, பேசும்போது தைரியம் வரும். 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி கூடாது, மாநில அரசு வருஷத்துல 15 நாளுக்கு மிகாம திருவிழாவுக்கு 12 மணி வரைக்கும் தளர்வு குடுக்கலாம். உங்க பிரச்னை என்னன்னா நீங்க தூங்கற நேரம் பகல், அதனால எல்லாரும் "10 மணிக்கு நிறுத்திடறோமே"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அங்க தான் முக்கியமான விஷயம், பகல்லயும் ஒலிபெருக்கிக்கு எழுத்துல அனுமதி வாங்கணும், அந்த பொது இடத்து எல்லைல சத்தம் அந்த பகுதிக்கு வெச்ச அளவுக்கு மேல 10 டெசிபலோ இல்ல 75ஓ, எது கம்மியோ அதுக்குள்ள இருக்கணும். குடியிருப்புன்னா 55ம் 10ம் சேத்து கணக்கு 65ல நிக்கும். ஜன்னலுக்கு நேரா குழாய் வெச்சா அது எங்கயோ தாண்டி போயிருக்கும்.

"அவங்கள கேட்டியா"ங்கற கேள்விக்கும் பதில் இருக்கு. 2000ல சுப்ரீம் கோர்ட் ஒரு சென்னை வழக்குல தீர்ப்பு குடுத்துச்சு, சர்ச் சத்தத்த பத்தி குடியிருப்பு சங்கம் போட்ட வழக்கு, அடுத்தவங்க அமைதிய கெடுத்து வழிபடணும்னு எந்த மதமும் சொல்லலன்னு தான் அதோட சாரம். எல்லா மதத்துக்கும் ஒரே ரூல் தான். 2025 ஜனவரில மும்பை ஹைகோர்ட் புகார் குடுக்கறவங்க பேர போலீஸ் வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கு, அது மும்பை போலீஸுக்கு சொன்னது தான், ஆனா ஒரு நாள் 112க்கு போன் பண்ற நிலைமை வந்தா இங்கயும் அதையே கேளுங்க.

பிரேசர்டவுன்பாய்

அக்கா நான் தமிழ் முஸ்லிம், இங்க தான் பொறந்தேன். 2022ல கர்நாடகால மசூதி ஸ்பீக்கர் பிரச்னை பெருசானப்ப எங்க பள்ளிவாசல்ல கமிட்டி கூடிச்சு, எங்க வாப்பாவும் அதுல இருந்தாரு. காலைல 6 மணிக்கு முன்னாடி வர்ற பஜ்ர் பாங்க (விடிகாலை தொழுகைக்கு கூப்பிடறது) வெளி ஸ்பீக்கர்ல வைக்கறது இல்லன்னு முடிவு பண்ணாங்க, வாப்பா இப்ப போன்ல அலாரம் வெச்சு எந்திரிக்கறாரு. முதல் வாரம் அவருக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அறுபது வருஷமா கேட்டு எந்திரிச்சவரு. அத நான் இங்க சொல்றது ஏன்னா, வெளில இருந்து வந்து மிரட்டினவங்க பேச்சு எங்க ஆளுங்களுக்கு கோபத்த தான் கெளப்புச்சு, கமிட்டிக்குள்ளயே ஒருத்தரு எந்திரிச்சு "பக்கத்து வீட்டுல கைக்குழந்த இருக்கு"ன்னு சொன்னது தான் வேலைக்கு ஆச்சு. உள்ள ஆள் சொல்லணும். நீங்க கோயில் வீட்டு பொண்ணு தானே, கமிட்டில உங்க மாமா சித்தப்பா யாராவது இருப்பாங்க, அவங்கள சொல்ல வைங்க. ஜெப வீட்டுக்கு அங்க போற நர்ஸ் யாராச்சும் இருந்தா அவங்கள கூட்டிட்டு போங்க, நர்ஸுங்கள்ல அந்த சபை ஆளுங்க கண்டிப்பா இருப்பாங்க.

ரம்ஜான் மாசம் மாஸ்க் ரோடு (மசூதி ரோடு) பக்கம் சாப்பிட வர்றவங்க எங்க கேட்டு முன்னாடி வண்டிய விட்டுட்டு போயிடுவாங்க, எங்க உம்மாவுக்கு மூச்சு திணறினப்ப காரை வெளிய எடுக்க முடியாம நின்னோம். சொந்த பண்டிகை தான், அதுக்காக வலி கம்மியா இருக்கல.

அல்சூர்சரசா

எல்லாரும் நல்லா தான் சொல்றீங்க, எனக்கு ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க கண்ணுங்களா. எனக்கு 67 வயசு. 1991 டிசம்பர்ல காவேரி கலவரம் வந்தப்ப எங்க கடை போர்டுல இருந்த தமிழ் எழுத்த ராத்திரியோட ராத்திரியா தார் பூசி அழிச்சோம், பஸ்ல பிள்ளைங்கள "தமிழ்ல பேசாத"ன்னு தொடைல கிள்ளியிருக்கேன். அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலைய 18 வருஷம் மூடியே வெச்சிருந்தாங்க, 2009 ஆகஸ்ட் 9 அன்னிக்கு தான் திறந்தாங்க, நான் கூட்டத்துல நின்னு அழுதேன். அத்தன வருஷமும் தெருவுல சத்தமா தமிழ் கேட்டதுன்னா அது அம்மன் கோயில் குழாய்ல மட்டும் தான். ஆடி மாசம் விடிகாலைல அந்த பாட்டு வந்தா, நாம இன்னும் இங்க தான் இருக்கோம்னு ஒரு தெம்பு. புதுசா வந்த அபார்ட்மெண்ட்காரங்க பால்கனில நின்னு காத பொத்தறப்ப எனக்கு அடிவயிறு எரியும்.

கமிட்டிக்காரரு உன்கிட்ட கோவமா பேசினது தப்பு தான். ஆனா அவர் மனசுலயும் இது இருக்கும், அத தெரிஞ்சுக்கிட்டு பேசும்மா.

மாதாபிள்ளை (சிவாஜிநகர்)

சரசாம்மா சொன்னது ரொம்ப சரி. எங்க பக்கம் மாதா கோயில்ல ஆகஸ்ட் 29 கொடியேத்தினா செப்டம்பர் 8 தேர் வரைக்கும் மைக் தான், காவி துணி கட்டின கூட்டம் தான், எங்க தெருவுல ஆட்டோ வராது. 2025ல ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, செப்டம்பர் 5 மீலாது, 8 மாதா தேர், மூணும் அடுத்தடுத்து வந்துச்சு, எங்க மாமியார டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போக ஒவ்வொரு தடவையும் மெயின் ரோடு வரைக்கும் வீல் சேர்ல தள்ளிட்டு போனேன். ஒரு நாள் பிள்ளையார் பந்தல் பசங்க நாலு பேர் சேரோட தூக்கி தடுப்புக்கு அந்த பக்கம் விட்டாங்க. ஆள தெரிஞ்சா பண்றாங்க, தெரியாம போறது தான் பிரச்னை. உங்க ஜன்னலுக்கு பின்னாடி யாரு படுத்திருக்காங்கன்னு அந்த தெருவுக்கே தெரியாது அக்கா.

ராத்திரிடூட்டி

எல்லாருக்கும் நன்றி, நாலு நாளா எழுத முடியல. மைக்செட் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி செட் போட்ட பையன தேடி போனேன், அவன் அம்மாவ போன வருஷம் ஐசியூல வெச்சிருந்தானாம், அரை மணி நேரத்துல ஏணி கொண்டு வந்து குழாய திருப்பிட்டான். டம்ளர் இன்னும் நடுங்குது, ஆனா பாட்டு வரி புரியற அளவுக்கு இல்ல, நேத்து மூணு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கினேன். ஜெப வீட்டு அக்காகிட்ட எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தர் பேசறேன்னு சொல்லியிருக்காங்க.

சரசாம்மா, நீங்க எழுதினத எங்க பாட்டிக்கு படிச்சு காட்டினேன், அவங்களும் 91ல கடைய பூட்டிட்டு மூணு நாள் உள்ள இருந்தவங்க. பாட்ட நிறுத்துங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்மா. காலை 6ல இருந்து 10 வரைக்கும் நல்லா போடட்டும், நான் பஸ்ல எறங்கி சந்துக்குள்ள வர்றப்ப எனக்கும் அது வேணும். 10ல இருந்து 3 வரைக்கும் குழாய நிறுத்தி உள் ஸ்பீக்கர்ல மட்டும் வைங்கன்னு தான் கேக்க போறேன். வர்ற ஞாயிறு கூழ் எங்க வீட்டு முறை, சித்தப்பா கமிட்டில இருக்காரு, கூழ் ஊத்தி முடிச்சதும் எல்லாரும் உக்காந்திருக்கறப்ப அவரு தான் பேச்ச எடுக்கறேன்னிருக்காரு. அன்னிக்கு டூட்டி மாத்தி வாங்கியிருக்கேன், நானும் கூட நிப்பேன்.