அரபியின் கன எழுத்துகள் வாயில் வரவே இல்லை, வார்டில் திணறுகிறேன்

புதுநர்ஸ்_நெல்லை:
வணக்கம். நான் வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று ஒரு பாட்டியம்மாவிடம் முதுகு வலிக்கிறதா என்று நான்கு முறை கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. கடைசியில் மகளைக் கூப்பிட்டார். முதுகுக்கு நான் சொன்ன சொல் அவர் காதில் பூ என்று விழுந்திருக்கிறது. சார்ஜ் நர்ஸ் நோயாளிக்கு முன்னாலேயே, "ப்ரொபேஷன் முடிவதற்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். ஸாத் (கனமான ஸ), சீன் (சாதாரண ஸ) என்று வீடியோவில் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு டியூட்டி. யாராவது உதவுங்கள்.

தம்மாம்_ஏசி:
பயப்படாதே தங்கச்சி. நான் 2006-ல் வந்தபோது ஒரு அறையில் எட்டுப் பேர். ஃபோர்மேன் பாகிஸ்தானி, அதனால் முதலில் உருதுதான் கற்றேன். அந்தக் கோடையில் மொட்டைமாடியில் வேலை, இரும்பைத் தொட்டாலே கை பொசுங்கும். ஊருக்குப் போன் போட்டு அழுதிருக்கிறேன். அரபி என்றால் "ஃபீ" (இருக்கு), "மாஃபி" (இல்லை) இரண்டை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கையைக் காட்டிப் பேசு, தானாக வந்துவிடும்.

காயல்_உம்மா:
தம்பி, ஏசிக்கு வாய் இல்லை, நோயாளிக்கு இருக்கிறது. மகளே, இது தானாக வராது, உட்கார்ந்து பழக வேண்டும். மொத்தம் நான்கே எழுத்து. எங்கள் ஊர் மதரஸாவில் ஸாத், ளாத், தா, ளா என்று சொல்லிக்கொடுப்போம். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த சீபவைஹி, அரபி இலக்கணத்தின் முன்னோடி, இந்த நான்கையும் ஒரே குணத்தில் சேர்த்தார்: இத்பாக், அதாவது மூடுதல். நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும்பி மூடி போல நிற்கும். அந்த மூடியை எடுத்துவிட்டால் ஸாத் வெறும் சீன் ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறார். அவருக்கே தாய்மொழி அரபி இல்லை, பாரசீகர். உன்னாலும் முடியும். ளாத்துக்கு நாக்கின் பக்கவாட்டை மேல் கடைவாய்ப் பற்களில் சேர்க்க வேண்டும். நம் மக்கள் ரமழான், காழி என்று ழ போட்டது அதற்காகத்தான்.

மஸ்கட்_மாமா:
அம்மா, ஓதுவதற்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் தெருவில் ழ போட்டுப் பேசினால் யாருக்கும் புரியாது, எனக்கே நடந்திருக்கிறது. நான் வந்த புதிதில் மஸ்கட்டில் மத்ரஹ் என்ற பகுதிக்குப் போகவேண்டும் என்று டாக்சிக்காரரிடம் சொல்ல, அவர் ரூவி என்ற வேறு பகுதியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். நடுவில் வரும் அந்தத் தாவை நான் தமிழ் வழக்கப்படி மெலித்து "மதரா" என்று சொல்லியிருக்கிறேன். இதயத்தைச் சொல்லப்போய் நாய் என்று சொன்ன கதையும் உண்டு.

காயல்_உம்மா:
அது காஃப் விஷயம், அடித்தொண்டையில் வரும் "க", வேறு எழுத்து. அவள் கேட்டது அது இல்லை.

ஜித்தா_லேப்:
எனக்கு வேறு ஒன்றுதான் ஆற்றாமை. வேலைக்கான ப்ரோமெட்ரிக் தேர்வு ஆங்கிலத்தில், சான்றிதழ் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோவும் ஆங்கிலத்தில். வந்து இறங்கினால் வார்டு முழுக்க அரபி. ஏஜென்சியில் "இங்கிலீஷ் போதும், அங்கே எல்லோரும் பேசுவார்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு வாரமாவது உடம்பு உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே!

தம்மாம்_ஏசி:
ஏஜென்சி பற்றிப் பேசினால் விடிந்துவிடும். என்னிடம் வாங்கிய பணத்துக்கு இன்றுவரை ரசீது இல்லை.

மஸ்கட்_மாமா:
ரசீதா? எங்களுக்குச் சொன்ன சம்பளமே வேறு.

ரியாத்_அக்கா:
ஏஜென்சி கதை நியாயம்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காலையில் டியூட்டி. நான் பதினோரு வருஷமாக இங்கே நர்ஸ். தங்கை, நீ எந்த ஊர்? நோயாளிகள் யார், சார்ஜ் நர்ஸ் எந்த நாட்டுக்காரர்? இது தெரியாமல் எந்த உச்சரிப்பைச் சொல்வது?

புதுநர்ஸ்_நெல்லை:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். ரியாத். நோயாளிகள் பெரும்பாலும் உள்ளூர்ப் பாட்டிகள். சார்ஜ் நர்ஸ் எகிப்துக்காரர். அவர் முதுகுக்கு ஒன்று சொல்கிறார், பாட்டிகள் வேறு சொல்கிறார்கள்.

ரியாத்_அக்கா:
பாதிக் குழப்பம் அங்கேதான். இருவர் சொல்வதும் சரி. எகிப்தில் முதுகை கனமான "த" வைத்து, நாக்கைத் தட்டிச் சொல்வார்கள். ரியாத் பக்கம் ளாத்தும் ளாவும் ஒரே ஒலி, இரண்டுக்கும் நாக்கு நுனி பல் இடுக்கில் வரும். நீ கேட்கப்போவது பாட்டியிடம், அதனால் பாட்டி சொல்வதைப் பழகு. சார்ஜ் நர்ஸ் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

இப்போது வாய்க்கு வருவோம். "ஸோ" என்று சொல். நாக்கின் பின்பக்கம் தொண்டைப் பக்கம் இழுபடுகிறதா? அதை அப்படியே பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் திறந்து "ஸா" சொல். வருகிற ஒலி குடத்துக்குள் பேசியது போல இருக்கும், அதுதான் ஸாத். வித்தியாசம் காதில் விழவில்லை என்றாயே, மெய்யைத் தேடாதே, பக்கத்தில் இருக்கும் "அ"வைக் கேள். கன எழுத்துக்குப் பக்கத்து "அ" இருண்டு "ஒ" பக்கம் சாயும். எனக்குப் பிடிபட்டது அந்த வழியில்தான், அதற்கே நான்கு மாதம் ஆனது.

முதுகு, ளஹ்ர். அதன் ளாவுக்கு நம்மிடமே பாதி இருக்கிறது. "அது" என்று சொல், நடுவில் வரும் மெல்லிய "த" இருக்கிறதே, அதை எடுத்து நுனியைப் பல் இடுக்கில் வைத்து, பின்நாக்கை இழு. ஸ, ஜ பக்கம் போனால் பூ ஆகிவிடும், இன்று உனக்கு நடந்தது அதுதான்.

வயிறு, பத்ன். "பத்னி" சொல்லி கடைசி "இ"யை விட்டுவிடு, முதல் எழுத்தை "பந்து" மாதிரி இல்லாமல் "பயம்" மாதிரி அதிர்வோடு சொல். நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு, கனம் என்றதும் "ட" போட்டுவிடுவது. நாக்கை மடக்கவே கூடாது. நுனி பல்லடியில், வேலை எல்லாம் பின்னால்.

மார்புக்கு ஸத்ர், தலைவலிக்கு ஸுதா, சாப்பிடாமல் ரத்தம் எடுக்க வந்தாரா என்று கேட்க ஸாயிம். மூன்றும் ஸாத்தில் ஆரம்பிப்பவை, இன்று இரவு இது மட்டும் போதும். ரத்த அழுத்தத்துக்கு உள்ள ளகத் என்ற சொல்லில் இரண்டு கன எழுத்து இருக்கிறது, அதை அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரை அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் கஃபைக் காட்டினாலே கையை நீட்டுவார்கள்.

நாளைக்கு ஒன்று செய். "வேன் அல்அலம்?", வலி எங்கே என்று கேள். அதில் கன எழுத்தே இல்லை. பாட்டி இடத்தைத் தொட்டுக் காட்டி அவரே பெயரைச் சொல்வார். அதை உடனே திருப்பிச் சொல். ஒரு ஷிப்டில் பத்துப் பேர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது போல ஆகும்.

காயல்_உம்மா:
இது நல்ல வழி. இரட்டைச் சொற்களும் பழகு மகளே: தீன் என்றால் அத்திப்பழம், கனமான தாவில் சொன்னால் களிமண். சூரா என்றால் குர்ஆன் அத்தியாயம், ஸாத்தில் சொன்னால் படம்.

புதுநர்ஸ்_நெல்லை:
அக்கா, மூன்று சொல்லையும் பத்னையும் பதிவு செய்து தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அம்மா சொன்ன அத்திப்பழமும் இருக்கிறது.

ரியாத்_அக்கா:
கேட்டேன். ஸத்ர், ஸாயிம் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன, பாட்டிக்குப் புரியும். ஸுதாவில் கனம் பாதியில் விழுகிறது. பத்ன் இன்னும் "ட"தான், நுனியை முன்னால் கொண்டுவந்து திரும்பப் பதிவு செய். எனக்கு நைட் டியூட்டி, ஆறு மணி வரை எப்போது அனுப்பினாலும் கேட்கிறேன். அதற்குள் கொஞ்சம் தூங்கிக்கொள்.