தியானம் முடிந்ததும் கை கைப்பேசிக்கே போகிறது: விலகி இருப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். சில காலமாக அதிகாலையில் ஒரு செயலியின் துணையோடு தியானம் செய்து வருகிறேன். மணி ஒலிப்பது, நேரத்தைக் கணக்கிடுவது, இடைவிடாமல் எத்தனை நாள் அமர்ந்தேன் என்று காட்டுவது எல்லாம் அந்தச் செயலிதான். முடிவு மணியை நிறுத்துவதற்காகக் கைப்பேசியை எடுக்கும்போதே வரிசையாக நிற்கும் செய்திகள் கண்ணில் படுகின்றன. அடுத்த நொடியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை கூடிவந்த அமைதி போன இடம் தெரிவதில்லை. நாளில் ஒரு பகுதியாவது கைப்பேசி இல்லாமல் இருக்க விரும்புகிறேன். ஆனால் வயதான பெற்றோர் வேறு ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அழைத்தால் எடுக்காமல் இருக்க முடியாது. தியானச் செயலியையும் விட்டுவிட வேண்டுமா? விலகி இருந்தவர்களுக்கு உண்மையிலேயே மனம் அடங்கியதா?

மறுமொழி 1

பெற்றோரைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். அது இருக்கும்வரை, கைப்பேசியை எந்த அறையில் வைத்தாலும் காது அங்கேதான் இருக்கும். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அமைப்பில் அவர்களுடைய எண்களை மட்டும் விலக்காகச் சேர்த்துவிட்டால், மற்ற எல்லாம் அடங்கியிருக்க, அவர்களுடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும். அவர்களுக்காக வேறொருவர் அழைக்க நேர்ந்தாலும் வழி இருக்கிறது: அதே எண்ணிலிருந்து ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் பொதுவாக 15 நிமிடத்துக்குள்ளும் இரண்டாம் முறை அழைப்பு வந்தால், அதை ஒலிக்க விடும் வசதி உண்டு.

தியானச் செயலியை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. மணிக்குச் சாதாரண அலாரக் கடிகாரம் போதும். அதைவிட முக்கியமான காரணம், அந்த நாள் கணக்கு. ஒரு நாள் தவறினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடுமே என்ற பதைப்பில் அமர்பவர், எண்ணைக் காப்பாற்றத்தான் அமர்கிறார்.

மறுமொழி 2

மனம் அடங்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் அடங்காது, இன்னும் கூடுதலாக அலையும். கை தானாகச் சட்டைப் பையைத் தடவும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், ஏதோ முக்கியமான செய்தி நம்மைத் தவறவிட்டுப் போகிறது என்று தோன்றும். இவையெல்லாம் கைப்பேசியை விட்டதால் புதிதாக முளைத்தவை அல்ல. முன்பே உள்ளே இருந்தவைதான், திரையைப் பார்த்துப் பார்த்து அவற்றைப் பார்க்காமல் இருந்தோம். ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் மரபில் நடக்கும் 10 நாள் விபாசனா தியான முகாம்களில் கைப்பேசியை ஒப்படைப்பதோடு, பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றையும் நிறுத்திவிடச் சொல்வது, அந்த அலைச்சல் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் செய்வதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். பதஞ்சலி யோகத்தின் எட்டு அங்கங்களில் புலன்களை உள்ளே திருப்பும் பிரத்தியாகாரம் ஐந்தாவதாகவும், தியானம் ஏழாவதாகவும் வருகின்றன. நாம் ஐந்தாவதைத் தாண்டிக் குதித்துவிட்டு ஏழாவது கைகூடவில்லை என்று வருந்துகிறோம்.

விட்ட நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். யூதர்களில் நெறி வழுவாதோர் வெள்ளிக்கிழமை அந்தி முதல் சனிக்கிழமை இரவு தொடங்கும்வரை கைப்பேசியைத் தொடுவதில்லை. அந்த நேரம் வழிபாட்டாலும் குடும்பத்தோடு உண்பதாலும் நிறைந்திருக்கிறது. ரமலானின் கடைசி 10 நாட்கள் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருப்பவர்களுக்கும் தொழுகையும் ஓதுதலும் இருக்கின்றன. வெறுமனே விலகி அமர்ந்தால், மனம் பழைய இடத்துக்கே திரும்பும்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். என் தாயாரால் நடமாட முடியாது. கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து நேரலையில் வழிபாட்டைப் பார்க்கும்போது அவர் கைகூப்பியே இருப்பார். முடிந்ததும் அதை எங்களிடம் கொடுத்துவிடுவார். அவரிடம் போய்க் கைப்பேசியை விடுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. நாம் ஒன்றைத் தேடி அதனிடம் போகிறோமா, அது கூப்பிட்டு நாம் போகிறோமா என்று பார்த்து, இரண்டாவதை மட்டும் விட்டால் போதும். விட்டிருப்பதை எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். அதுவும் பாராட்டுக்குக் காத்திருப்பதில்தான் போய் முடியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை அம்மாவிடம் பேசி, இரண்டாவது அழைப்பு ஒலிக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறேன். நாளை முதல் தியானத்துக்குக் கடிகாரம்தான். முடிந்த பிறகு உள்ள அரை மணி நேரத்தைப் பாராயணத்துக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன்.