முகம் தெரியவில்லை, குண்டூசி தெரிகிறது: மாகுலா சிதைவு அனுபவங்கள் (வெவ்வேறு வீட்டார் புனைபெயரில் எழுதியவை)

மூத்த மகள்:
அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் ஒருநாள் நான் எதிரில் நிற்கிறேன், "யாரு?" என்றார். "நான்தாம்மா" என்றதும் சிரித்து மழுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே தரையில் கிடந்த குண்டூசியைக் காட்டி, "மிதிச்சிடாதே" என்கிறார். பெற்ற மகளின் முகம் தெரியாதவருக்குக் குண்டூசி தெரிகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். தம்பி ஒருபடி மேலே போய், "நடிக்கிறாங்க" என்றே சொல்லிவிட்டான்.

கண்புரை அறுவை எப்போதோ முடிந்திருந்தது. கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. கடைசியில் விழித்திரை மருத்துவர், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வயது சார்ந்த மாகுலா சிதைவு என்றார். உலர் வகை, அதாவது ரத்தக்குழாய்க் கசிவு இல்லாமல் மெல்ல மெல்லத் தேய்வது; இரண்டு கண்ணிலும் முற்றிய நிலை.

விழித்திரையின் நடுவில் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள இடம்தான் மாகுலா. முகம் பார்ப்பது, படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் வேலை. அது தேய்ந்தாலும் சுற்றியுள்ள பகுதி நன்றாகவே இருக்கும். என் முகத்தை நேராகப் பார்த்தார், காணவில்லை. குண்டூசி ஓரக்கண்ணில் மினுங்கியது, தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

"நடுவுல கறுப்பா தெரியுதாம்மா?" என்று கேட்டேன். "கறுப்பெல்லாம் இல்லை. பேசுற ஆளோட தலையை யாரோ அழிரப்பர் வச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கு."

இப்போது பேசும்போது என் காதுக்கு மேலே எங்கேயோ பார்ப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்படிப் பார்த்தால்தான் என் முகம் அவருடைய நல்ல பகுதியில் விழுமாம்; பார்வைக் குறைவுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தம்பி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஈரக் கண்:
எனக்கு ஈர வகை, இடது கண். எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது, ஏனென்றால் வலது கண் எல்லாவற்றையும் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் வலது கண்ணில் சோப்பு பட்டு மூடிக்கொண்டபோது கதவு நிலை நடுவில் வளைந்து நின்றது. கண்ணைத் திறந்தேன், நேராகிவிட்டது. மூடினேன், மறுபடி வளைவு. நல்லவேளை, மறுநாளே போய்க் காட்டினேன். விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன என்றார்கள்.

சிகிச்சை, கண்ணுக்குள்ளேயே ஊசி. கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. உண்மையைச் சொன்னால் ஊசி பெரிதாக வலிக்கவில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுகிறார்கள். கிருமி நீக்கப் போடும் அயோடின்தான் அன்றிரவு முழுக்க மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. சிறு கறுப்புக் குமிழிகள் மிதந்தன, மறுநாள் காணோம். ஆனால் ஊசிக்குப் பின் வலியும் சிவப்பும் கூடினாலோ பார்வை மங்கினாலோ அது தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதல் மூன்றும் மாதத்துக்கு ஒன்று. பிறகு கண் இருக்கிற நிலையைப் பார்த்து இடைவெளியை நீட்டினார்கள். நன்றாகத்தானே தெரிகிறது என்று நான் ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டேன். மறுபடி கசிந்து, படிக்கும் பலகையில் இரண்டு வரி போனது. அந்த இரண்டு வரி திரும்பவே இல்லை.

இப்போது 10 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஆம்ஸ்லர் கட்டத்தை, அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட தாளை, முகம் பார்க்கும் கண்ணாடி பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, 30 சென்டிமீட்டர் தள்ளி, ஒவ்வொரு கண்ணாக மூடி நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும்; கோடுகள் வளைகின்றனவா என்று கவனிக்கத்தான். அக்கா, உலர் வகையும் ஈர வகையாக மாறலாம். அம்மாவுக்கு ஏதாவது திடீரென்று வளைந்து தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

அண்ணனின் தம்பி:
இந்த நோய்க்குக் கொடுக்கும் சத்து மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. 2013-ல் முடிவு வெளியான ஆய்வில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், சியாக்சாந்தின் (இரண்டும் கீரைகளில் உள்ள நிறமிகள்) சேர்ந்த கலவையைச் சோதித்தார்கள். நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும்; போன பார்வையைக் கொண்டுவராது. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதால் பழைய கலவையிலிருந்த பீட்டா கரோட்டினை விலக்கிவிட்டார்கள். இதே நோயுள்ள என் அண்ணன் மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. சிகரெட்டையும்தான்.

மருமகள்:
இதை யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். என் மாமனாருக்கும் உலர் வகைதான். சுவரோரம் நீலச் சட்டை போட்ட குழந்தைகள் வரிசையாக நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சத்தமே இல்லை, நின்றுகொண்டிருப்பார்களாம். இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள் என்ற பயம்.

இதற்குச் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். 1760-ல் தன் தாத்தா கண்ட காட்சிகளை எழுதிவைத்த சுவிட்சர்லாந்து அறிஞரின் பெயர் அது. கண்ணிலிருந்து வரவேண்டியது வராதபோது மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. மனநோய் இல்லை. மருத்துவர் இதைச் சொன்னதும் மாமனார் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது. குழந்தைகள் இப்போதும் வருகிறார்கள். கண்ணை வேகமாக இப்படியும் அப்படியும் உருட்டினால் சிலசமயம் போய்விடுகிறார்களாம்.

மூத்த மகள்:
மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அலமாரி மேல மூணு மாசமா ஒரு பூனை உட்கார்ந்திருக்கு. நீங்க யாரும் விரட்டலையா, சரி, அது எனக்கு மட்டும்தான்னு விட்டுட்டேன்."