அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளும் கொரியக் கடற்பாசி சூப்பும்

வெளிநாட்டில் இருக்கும்போது பிறந்தநாள் வந்தால், அந்த ஊர் மக்கள் தங்கள் பிறந்தநாளில் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். சியோலுக்கு வரும் நண்பர்கள் பலர் சந்தையில் தட்டிலேயே நெளியும் ஆக்டோபஸ் துண்டுகளையும், வேகவைத்த பட்டுக் கூட்டுப்புழுவையும் முதலில் தேடிப் போகிறார்கள். அதைத் தின்று படம் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினால் கொரியச் சாப்பாட்டைப் பற்றி எதுவும் தெரிந்துகொண்டதாக ஆகாது என்பது என் உறுதியான கருத்து. என் அப்பாவுக்கு இங்கே கிடைத்த பிறந்தநாள் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது 1964 அக்டோபர் கடைசியில், நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கடலோர ஊரில். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே ஆண்டு. 2024இல் அறுபது நிறைந்தது. நட்சத்திரம் பார்த்துத் திருக்கடையூரில் மணிவிழாவை முடித்துவிட்டு, ஆங்கிலத் தேதிக்கு என்னுடன் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அவரும் விமானம் ஏறி வந்தார்கள்.

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. தென்மேற்குக் கடற்கரையில் இருக்கும் மொக்போ அவருடைய சொந்த ஊர். அப்பாவுக்கு அறுபது என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வருஷம் பிறந்தவர், டிராகன் வருஷமா?" என்பதுதான். ஆமாம், 1964 டிராகன் ஆண்டு, 2024ம் அப்படியே. பத்துப் பெயர்கள் கொண்ட ஒரு வரிசையையும், டிராகன் போன்ற பன்னிரண்டு விலங்குகள் கொண்ட இன்னொரு வரிசையையும் இணைத்து ஓடும் அவர்களுடைய பழைய நாள்காட்டி, அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. நம் கணக்கிலும் 1964 குரோதி, 2024 குரோதி. அறுபது நிறைந்து அறுபத்தொன்று தொடங்கும் நாளை அவர்கள் ஹ்வான்காப் என்கிறார்கள். பேரன் பேத்திகள் வரிசையாக நின்று விழுந்து வணங்க, பழங்களையும் அரிசிப் பலகாரங்களையும் கோபுரமாக அடுக்கி வைத்துக் கொண்டாடிய நாள் அது. இப்போது எல்லோரும் நெடுநாள் வாழ்வதால் எழுபதுக்குத்தான் பெரிய விருந்து, அறுபதை வீட்டோடு முடித்துக்கொள்கிறார்கள் என்றார் பாட்டி. சஷ்டியப்தபூர்த்தி என்பது நம் வீட்டு வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு இதைக் கேட்டு அவ்வளவு ஆச்சரியம். குரோதிக்கு முன் என்ன, பின் என்ன என்று அறுபது ஆண்டுப் பெயர்களையும் அவர் ஒப்பிக்கத் தொடங்க, பாட்டி பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறந்தநாள் காலை ஏழு மணிக்கே பாட்டி ஒரு பெரிய பானையோடு வந்துவிட்டார். உள்ளே மியோக் குக், அதாவது கடற்பாசி சூப். கொரியாவில் பிறந்தநாள் காலையில் இது இல்லாமல் இருக்காது. மியோக் காய்ந்து கறுத்த நார் போலத்தான் கடையில் கிடைக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் பாத்திரம் நிறையக் கரும்பச்சையாக விரிந்துவிடும். அதைப் பிழிந்து நறுக்கி, நல்லெண்ணெயில் பூண்டோடு வதக்கி, தண்ணீர் விட்டு நிதானமாகக் கொதிக்க வைக்கிறார்கள். உப்பு தூக்கலான சோயா சாஸ்தான் மசாலா. மிளகாய் கிடையாது. பொதுவாக மாட்டிறைச்சி சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கடற்கரைக்காரர்கள் மட்டியும் சிப்பியும் போட்டுத்தான் வைப்போம், கவலை வேண்டாம் என்று பாட்டி மட்டி போட்டே கொண்டுவந்திருந்தார்.

அப்பாவுக்குத் தெரிந்த கடல்பாசி, நாகூர் நண்பர் வீட்டிலிருந்து நோன்புக் காலத்தில் வரும் பால் சேர்த்த இனிப்பு மட்டும்தான். அதே கடலில் விளைவது கருவாட்டு நிறத்தில், வழுவழுப்பாக, சாதத்துக்குக் குழம்பாக வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. முதல் கரண்டியில் முகம் சுருங்கவும் இல்லை, மலரவும் இல்லை. இரண்டாவது கரண்டியில் மட்டியைக் கடித்தார். பிறகு ரசம் ஊற்றுவதுபோல் சாதத்தில் ஊற்றிப் பிசைந்துவிட்டார். நான் பாட்டியைப் பார்த்தேன். அவர், அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று இன்னும் ஒரு அகப்பை ஊற்றினார். நாக்கில் முதலில் தெரிவது நல்லெண்ணெய். அது போனதும் கடல் உப்பு. கடைசியில் லேசான இனிப்பு. சூடு ஆறினால் இதற்கு உயிரே இல்லை, கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட வேண்டும். (பரீட்சை நாளில் மட்டும் யாரும் தொடமாட்டார்கள். வழுக்கிவிடுமாம்.)

பிறந்தநாளுக்கு ஏன் இது என்று அம்மா கேட்கச் சொன்னார். கொரியாவில் பிள்ளை பெற்ற பெண் முதல் மூன்று வாரம் சாப்பிடுவது இந்த சூப்தான். இழந்த இரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தையையும் தாயையும் காக்கும் தெய்வத்துக்கு முதலில் படைத்துவிட்டுத் தாய்க்குக் கொடுப்பது பழைய வழக்கம். அந்தச் சாப்பாட்டையே பிள்ளை ஆண்டுதோறும் தன் பிறந்தநாளில் சாப்பிடுகிறது. "அன்றைக்கு வலி பட்டது அவர் அம்மாதானே" என்று அப்பாவைக் காட்டிச் சொன்னார் பாட்டி. நான் மொழிபெயர்த்ததும் அப்பா தன் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அப்பாயி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வீட்டிலேயே பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார், ஐப்பசி மழையில் தாத்தா யாரைக் கூப்பிட ஓடினார், பத்து நாளும் பால்சுறாப் புட்டு செய்து போட்டது எந்தச் சித்தி என்று நான் இதுவரை கேட்டிராத கதைகள். பூண்டு தட்டிப் போட்ட பால்சுறாவை எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத்தான் முதலில் வைப்போம். கேக் வெட்டியிருந்தால் அப்பாயியின் பேச்சு வந்திருக்காது. இந்தக் காரணத்துக்காகவே மியோக் குக்கை நான் எந்த விருந்துக்கும் மேலாக வைக்கிறேன்.

கேக்கும் வெட்டினோம். இங்கே பேக்கரியில் வயதைக் கேட்டு, பத்து ஆண்டுக்கு ஒரு நீள மெழுகுவத்தி என்ற கணக்கில் தருகிறார்கள், அப்பாவுக்கு ஆறு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மாலையில் பாட்டியின் யோசனைப்படி ஹோங்ஓ சாப்பிடப் போனோம். அவர் ஊர்ப்பக்கம் விசேஷ வீட்டில் இது இல்லாவிட்டால் விருந்தே இல்லை என்பார்கள். நம் திருக்கைக்கு உறவான மீன். உப்புக்கூடப் போடாமல் புளிக்க விடுகிறார்கள். இந்த வகை மீனின் சதையிலேயே யூரியா இருக்கிறது. அது அம்மோனியாவாக மாறுவதால் மீன் அழுகுவதில்லை, ஆனால் வாடை மூக்கின் உச்சிவரை ஏறுகிறது. பழைய கிம்ச்சியோடும் (மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) வேகவைத்த பன்றிக்கறியோடும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். அப்பா கறியை ஒதுக்கிவிட்டு, கிம்ச்சியில் மீனைச் சுருட்டி வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. திருக்கைக் கருவாட்டோடு வளர்ந்தவர் என்பதால் தோற்கவில்லை; நிதானமாக மென்று முடித்து, இன்னொன்றும் எடுத்தார். அம்மா வாசனை பிடித்ததோடு நிறுத்திக்கொண்டார். எனக்கும் இன்றுவரை அது பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சந்தையில் பயம்காட்டும் பண்டமாக அல்லாமல், விருந்தினருக்கு மரியாதையாக வைக்கும் உணவாகப் பார்த்ததில் மகிழ்ச்சி.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சி இல்லாத சூப்பிலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். கிம்ச்சியில் பெரும்பாலும் புளித்த இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். முன்கூட்டியே கேளுங்கள். பௌத்த மடங்களின் சமையலில் இவை எதுவும் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. சியோல் நடுவில் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரிலேயே அந்தச் சாப்பாடு கிடைக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது பாட்டி அம்மாவின் பெட்டியில் இரண்டு கட்டு மியோக் வைத்துவிட்டார். என் தங்கைக்குத் தையில் பிரசவம். அம்மா அதற்கென்றே பத்திரமாக எடுத்துப்போனார். கடற்பாசியில் அயோடின் மிக அதிகம், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும் என்பதால், மருத்துவரைக் கேட்ட பிறகுதான் அதை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மா அதற்கு ஒப்புக்கொண்டார். பால்சுறாப் புட்டுக்கு மட்டும் யாரையும் கேட்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.