குடியாத்தம் பக்கம் பள்ளியில் ஹாம் ரேடியோ மன்றம்: முதலில் என்ன வாங்குவது?

இயற்பியல் டீச்சர்:
வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 2025 ஜூலையில் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் ரேடியோ) பள்ளி மாணவர்களுடன் பேசினாரே, அதைப் பற்றி வகுப்பில் சொன்னதிலிருந்து பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை, "நாமளும் பேசலாமா மிஸ்" என்று தினமும் கேட்கிறார்கள். தலைமையாசிரியர் மன்றம் ஆரம்பிக்கச் சம்மதித்துவிட்டார், முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் பணமும் தருகிறார்கள். ஆன்லைனில் வாக்கி டாக்கி மலிவாகத் தெரிகிறது, நான்கு வாங்கித் தொடங்கிவிடலாமா? சுற்றிலும் மலை வேறு, அது இடைஞ்சலா? அப்புறம், "எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது எதுக்கு" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

காட்பாடி ஹாம்:
டீச்சர், வாக்கி டாக்கியை இப்போது வாங்கவே வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் பேசுவது சட்டப்படி குற்றம், பள்ளியின் பெயரும் பிள்ளைகளும் அதில் மாட்டக்கூடாது. முதலில் நீங்கள் தேர்வு எழுதுங்கள். 12 வயது முடிந்த யாரும் எழுதலாம், அதனால் ஆர்வமுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூடவே தயார் செய்யலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் (எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் முறை) தேவையில்லை, மின்னணுவியல் அடிப்படையும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும், பிளஸ் டூ இயற்பியல் எடுக்கும் உங்களுக்குப் பாதி பாடம் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் கைக்கு வர நாளாகும், அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சோர்ந்துபோவார்கள். பள்ளியின் பெயரிலேயே மன்ற நிலையத்துக்கும் உரிமம் கேட்கலாம், ஆனால் பொறுப்பேற்க உரிமம் பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். அதனால்தான் உங்களை முதலில் எழுதச் சொல்கிறேன்.

அதுவரை கேட்கப் பழக்குங்கள். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரேடியோவை இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் இலவசமாக அலைவரிசை மாற்றிக் கேட்கலாம், ஸ்மார்ட் வகுப்பறையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் போதும். யார் யாரை அழைக்கிறார்கள், உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் தரப்படும் அழைப்புக்குறியை எப்படி எழுத்து எழுத்தாக ஆல்பா, பிராவோ, சார்லி என்று சொல்கிறார்கள் என்பதை நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். நம் நாட்டுக் குறி வி.யூ. என்று தொடங்கும். கமல்ஹாசன் வி.யூ.2எச்.ஏ.எஸ்., ராஜீவ் காந்தி வி.யூ.2ஆர்.ஜி. என்று சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

ஆம்பூர் தாத்தா:
அந்தப் பெற்றோருக்கு 2004-ஐச் சொல்லுங்கம்மா. அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் இருந்து உலகம் முழுக்கப் பேசப் போர்ட் பிளேர் போயிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்து போன் இணைப்புகள் அறுந்தபோது, தீவில் இருந்தவர்கள் நலமா என்று கரையில் தவித்தவர்களுக்குச் செய்தி கொண்டுபோய்ச் சேர்த்தது அதே ரேடியோக்கள்தான். செல்போனுக்கு டவர் வேண்டும், டவருக்குக் கரண்ட் வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாமே பார்த்தோம். ஒரு கார் பேட்டரியும் நாலு முழக் கம்பியும் இருந்தால் பேசத் தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேலூர் இ.சி.இ. மாணவன்:
மலை பற்றிக் கேட்டிருந்தீர்கள் மேடம். ஹாம்கள் வாக்கி டாக்கியில் பேசும் 144-146 மெகாஹெர்ட்ஸில் அலை நேர்க்கோட்டில் போவதால் மலை மறைக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் மலையைத் தாண்டி விழும். அதற்கான டைபோல் ஆன்டெனா (நடுவில் கேபிள் இணைத்த நேர்க் கம்பி) மொத்தம் சுமார் 20 மீட்டர், மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிவிடலாம், அளவைப் பிள்ளைகளையே அலைநீளத்திலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள்.

விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலேயே போவதால் அதற்கு மலை பெரிய தடையில்லை. ஒருமுறை அது நம் வானைக் கடப்பது சுமார் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அது 145.800 மெகாஹெர்ட்ஸில் சில நாட்களில் படங்களை ஒலியாக மாற்றி அனுப்பும். கணினியில் செருகும் சின்ன ரிசீவர் டாங்கிளும் அரை மீட்டர் கம்பிகள் இரண்டும் இருந்தால் அந்தக் கீச்சொலியைப் பிடித்து, போன் செயலியில் படமாக்கிவிடலாம். நிலையம் நெருங்கி வரும்போது அதன் அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும், விலகும்போது அதே அளவு குறைவாகவும் தெரியும். டாப்ளர் விளைவைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவதைவிட இது பல மடங்கு நன்றாகப் பதியும். பணத்தை முதலில் இந்த டாங்கிளில் போடுங்கள் மேடம்.

இயற்பியல் டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாக்கி டாக்கி யோசனையை விட்டுவிட்டேன். டாங்கிள் வாங்கச் சொல்லிவிட்டு, நானும் எங்கள் கணக்கு சாரும் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறோம். பள்ளியில் சாரணர் படை இருக்கிறது, அவர்களையும் சேர்க்கலாமா?

காட்பாடி ஹாம்:
தாராளமாக. உலகச் சாரணர்கள் ரேடியோவில் கூடும் ஜோட்டா ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கிறது. இந்த முறை உரிமம் வராவிட்டால் சொல்லுங்கள், என் செட்டை எடுத்துக்கொண்டு நானே பள்ளிக்கு வருகிறேன். மாடியில் கம்பி கட்டுவதாக இருந்தால் ஒரு விஷயம்: மழைக்கால மாலையில் இடி தொடங்கும் முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிட வேண்டும், அந்தப் பொறுப்பைப் பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள், பிள்ளைகளை மாடிக்கு அனுப்பாதீர்கள்.