மைனஸ் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா, இல்லையா?

அம்மாபேட்டை தறி:
"மைனஸ் அதிர்வெண் கணக்கு வாத்தியார்கள் கட்டிவிட்ட கதை, சிக்னல் பாடத்திலிருந்தே தூக்கிவிடலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தறிப்பட்டறையில் த்ரீ பேஸ் மோட்டாருக்கு இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. அது எதிர்ப்பக்கம் சுற்றினால் அதுதான் மைனஸ் 50.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
எழுதியவன் நான்தான். நேராகவே சொல்லலாமே, என்ன பயம்? ஒயரை மாற்றினாலும் மீட்டர் 50தான் காட்டும். மைனஸ் 50 காட்டும் மீட்டரைக் கொண்டுவாருங்கள்.

அம்மாபேட்டை தறி:
உங்கள் மீட்டர் ஒரு பேஸை மட்டும் பார்க்கிறது. அதில் திசை எப்படித் தெரியும்? மூன்று பேஸும் எந்த வரிசையில் வருகிறது என்று காட்டும் பேஸ் சீக்வென்ஸ் மீட்டரில் மூன்று ஒயரையும் கொடுங்கள், வட்டு எதிர்ப்பக்கம் சுற்றும். அப்புறம் வீட்டு ஃபேனைப் பாருங்கள். கண்டென்சர் போனால் உறுமிக்கொண்டே நிற்கும். எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோமோ அந்தப் பக்கம் ஓடும். ஏன்? சிங்கிள் பேஸில் பிளஸ் 50உம் மைனஸ் 50உம் பாதிப் பாதி இருக்கிறது. கொசைன் என்பதே எதிரெதிராகச் சுற்றும் இரண்டின் கூட்டல் என்று ஆய்லர் சூத்திரம் சொல்வதும் இதைத்தான்.

அஸ்தம்பட்டி அக்கா:
ஓடும் ஃபேனில் கை வைக்கச் சொல்லாதீர்கள் தம்பி. பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஏற்காடு காப்பி:
ரேடியோ பழுது பார்த்தவன் சொல்கிறேன். ஒலியைச் சுமந்துபோகும் அலையான கேரியர் 1000 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அதில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால் 1001 மட்டுமா வருகிறது? 999உம் வருகிறது. மைனஸ் 1தான் அங்கே போய் நிற்கிறது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
999 பிளஸ் எண்தானே? இரண்டு கொசைனைப் பெருக்கினால் ஒரு கூட்டல், ஒரு கழித்தல் வரும். பள்ளிக்கூடத் திரிகோணமிதி. அந்த வட்டில் மைனஸ் 50 என்று எழுதியிருக்கிறதா? மீட்டர் எங்கே?

அம்மாபேட்டை தறி:
திரும்பவும் மீட்டரா! கம்ப்யூட்டர் மென்பொருளால் வேலை செய்யும் ரேடியோவான எஸ்டிஆர் ரிசீவர் ஐ, க்யூ என்று 90 டிகிரி தள்ளி இரண்டு சிக்னல் எடுக்கிறது. அதனால்தான் நடுவில் சுழியம் வைத்து, இடப்பக்கம் மைனஸையும் வலப்பக்கம் பிளஸையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடிகிறது. ஒரே சிக்னலை எடுத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஃபேன் கதையும் இதேதான். கண்டென்சர் செய்வதும் இரண்டாவது சுருளின் கரண்டைத் தள்ளிவிடுவதுதான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அது திரை, மீட்டர் இல்லை. பொங்கலுக்கு முன்னால் வாங்கிப்போன சால்டரிங் அயர்னைத் திருப்பித் தராதவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அம்மாபேட்டை தறி:
அயர்னை உங்கள் தம்பியிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன், கேளுங்கள். கண்டென்சர் இல்லாத ஃபேன் ஏன் இரண்டு பக்கமும் ஓடுகிறது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், கழற்றியே காட்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஞாயிறு வேலை இருக்கிறது. மீட்டர் படம் போடுங்கள். தம்பி வாங்கவே இல்லை என்கிறான்.